சத்தமில்லாமல் பார்த்த படங்கள்

தொலைக்காட்சிப் பெட்டியின் வலது ஓரத்தில், பிளாஸ்ரிக் கீற்றுகளுக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கியில் காதை ஒட்டிவைத்தால், சூடான தூசியின் மணத்தோடு, யாரோ கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். ஆனால் காதை அங்கே வைத்தால் படம் தெரியாது. படத்தைப் பார்க்கத் தலையை எடுத்தால் சத்தம் கேட்காது. என்னுடைய ஒன்பதாவது வயதில், ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில், தமிழ்ப் படம் பார்ப்பதென்றால் இந்த இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுப்பதுதான்.

ஊமைப்படக் காலம் என்று ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். படங்கள் வாய் திறந்து பேசாத அந்த நாட்களில், கொட்டகைக்குள் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, இன்னார் வருகிறார், இன்னது சொல்கிறார் என்று சனங்களுக்குக் கதையை விளக்குவாராம். அது என் அப்பாவின் அப்பா சிறு பிள்ளையாக இருந்தபோது நடந்த சங்கதி. ஆனாலும் எனக்கும் சொந்தமாக ஒரு ஊமைப்படக் காலம் இருந்தது. எண்பதுகளின் கடைசியில், கனடாவில், அது ஏறக்குறைய ஒரு வருடம் நீடித்தது. எங்கள் படங்கள் நன்றாகப் பேசின, பாடின, சண்டை பிடித்தன. நாங்கள்தான் அவற்றின் சத்தத்தை முற்றாகக் குறைத்து வைத்திருந்தோம்.

காரணம், எங்கள் வீட்டில் பகலில்தான் ஆட்கள் நித்திரை கொண்டார்கள். அம்மாவின் தம்பி, வீட்டில் எல்லோராலும் "சின்னவன்" என்று அழைக்கப்பட்ட என் மாமா, பிளாஸ்ரிக் வாளிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். அவரோடு அதே வேலை செய்த வரதண்ணையும் எங்களுடன் இருந்தார். மாமாவுக்கு ஓர் அறை, எனக்கும் அம்மாவுக்கும் ஓர் அறை. வரதண்ணைக்கு "ஹோல்" என்ற முன்கூடத்தின் ஒரு மூலை. அம்மாவின் பழைய நூல் சீலை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் மெத்தையைப் போட்டுப் படுப்பார். காலை எட்டு மணிக்கு இருவரும் வேலையால் வந்து, சோறு சாப்பிட்டுப் படுத்தால், பின்னேரம் ஐந்தரைக்குத்தான் எழும்புவார்கள். சீலையிலிருந்து ஆறடி தள்ளித்தான் தொலைக்காட்சி இருந்தது.

அவர்களோடு வேலைசெய்த ஒருவர் நித்திரைக் களையில் இயந்திரத்துக்குள் கையைக் கொடுத்து இரண்டு விரல்களை இழந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பகலில் சத்தம் போடுவது பாவகாரியம்போல ஆகிவிட்டது. கோப்பையைத் துணியின்மேல் வைப்போம். தண்ணீரை நூல்போலத் திறப்போம். தேங்காய் துருவுவது, இடிப்பது எல்லாம் ஐந்தரைக்குப் பிறகுதான். நான் கொஞ்சம் குரல் உயர்த்தினால் அம்மா விரலை உதட்டில் வைத்து, "மனுசர் படுக்கினம்" என்பார். அந்த இரண்டு சொற்களையும் நான் அந்த வருடத்தில் எத்தனை தரம் கேட்டேன் என்று சொல்லமுடியாது. இயல்பிலேயே அதிகம் பேசாத பிள்ளை நான். அந்த வீடு எனக்கு ஒருவிதத்தில் வசதியாகத்தான் இருந்தது.

இரவில் அவர்கள் வேலைக்குப் போனபின் சத்தத்தோடு பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அம்மா ஒரு மோட்டலில் அறைகள் துப்புரவாக்கும் வேலைக்கு விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு விளக்குகள் அணைந்துவிடும். ஆகவே மாமா சனிக்கிழமையில் தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்துவரும் வீடியோ கசெற்றை, ஞாயிற்றுக்கிழமை பகலில், சத்தமில்லாமல்தான் நானும் அம்மாவும் பார்ப்போம்.

கதை சொல்வது அம்மாவின் வேலை. கம்பளத்தில் காலை நீட்டியிருந்து, என் காதுக்குள் வாயை வைத்து, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார். இந்தப் படங்களை எல்லாம் அம்மா ஊரில் தியேட்டரில் பார்த்திருக்கிறார் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அம்மாவின் கதைகளில் பெரிய மீசை வைத்தவன் எப்போதும் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன். "பாஸ்போட்டை வாங்கி வைச்சுக்கொண்டு இண்டைக்கு நாளைக்கு எண்டு பேய்க்காட்டுறான்," என்பார். கதாநாயகன் ரயிலில் ஏறினால் கொழும்புக்குப் போகிறான். யாராவது கடிதம் வாசித்தால் அது வெளிநாட்டிலிருந்து வந்தது. பாட்டு வந்தால் மட்டும் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். கால் பெருவிரலால் கம்பளத்தில் தாளம் போட்டபடி, படத்தைப் பார்க்காமல், பலகணிக் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா அப்போது எங்களோடு இல்லை. இரண்டு பேருக்குத்தான் வழி கிடைத்தது என்பதால் என்னையும் அம்மாவையும் முதலில் அனுப்பிவிட்டு, பின்னால் வெளிக்கிட்ட அப்பா பாங்கொக்கில் மாட்டிக்கொண்டார். மாதங்கள் ஓடின. இடைக்கிடை தொலைபேசியில் பேசுவார். அதுவும் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் தொலைபேசிக்குப் பக்கத்தில் விடும்போது மட்டும். பங்குனி மாதத்தில் ஒரு நாள், "இனி வெளிக்கிடுறம் போலை. அமெரிக்காவிலை இறங்கினவுடனை ஒருக்கா எடுப்பன். எந்த நாள், எந்த இடம் எண்டு அப்பதான் சொல்லுவன். ஒருக்காத்தான் எடுக்க விடுவாங்கள். வீட்டிலை ஆராவது நில்லுங்கோ," என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டுத் தொலைபேசியும் சத்தம் குறைந்ததுதான். மணியை ஆகக் கீழே இறக்கி, அதற்குமேல் ஒரு தலையணையையும் போட்டு வைத்திருந்தோம். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும், வண்டு தலையணைக்குள் அகப்பட்டதுபோல ஓர் இரைச்சல் கேட்கும். நான் பள்ளிக்கூடத்தால் வரும்வரை அம்மாவின் சிநேகிதி ஒருவர் வந்து பக்கத்தில் இருப்பார். அதன்பிறகு, அம்மா ஆறு மணிக்கு வரும்வரைக்கும் என் பொறுப்பு. "முதல் மணியோடை எடுக்கவேணும் பிள்ளை. அப்பாவைக் காத்திருக்க வைக்கக்கூடாது," என்று அம்மா தினமும் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

அந்த நாட்களில் வந்த ஒரு கசெற்றில், ஒரு தகப்பன் வயலில் மயங்கி விழுந்தார். அடுத்த காட்சியில் அவருடைய படம் சுவரில் தொங்கியது. மாலை போட்டு, முன்னால் விளக்கும் வைத்திருந்தார்கள்.

"என்னம்மா அவருக்கு?"

"தலைச்சுத்து. வெயில்தானே. பனடோல் குடுத்தவை, சுகம் வந்திட்டுது."

"அப்ப ஏன் மாலை போட்டிருக்கு?"

"அவற்றை பிறந்தநாள்."

"அவர் எங்கை?"

"வெளிநாட்டுக்குப் போட்டார். வருவார். பேசாமல் பார்."

மாலை போட்ட படம் என்னவென்று தெரியாத பிள்ளையல்ல நான். ஊரில் எங்கள் வீட்டிலும் ஒன்று அப்படித் தொங்கியது. ஆனால் அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைக்க எனக்கு விருப்பமாக இருந்தது.

அன்று பின்னேரம் தேநீர் குடிக்கும்போது வரதண்ணை சிரிக்கத் தொடங்கினார்.

"அக்கா, உந்தப் படத்தை நான் ஊரிலை நாலு தரம் பாத்தனான். அந்தாள் இடைவேளைக்கு முதலே சாகிறவர். நீங்கள் பனடோலைக் குடுத்து எழுப்பிப்போட்டியள்!"

"நீ நித்திரை கொள்ளாமல் சீலைக்குப் பின்னாலை ஒட்டுக்கேட்டுக்கொண்டோ கிடக்கிறாய்?" என்றார் அம்மா.

"என்ன செய்யிறது, படத்திலும் பாக்க உங்கடை கதை திறம். அடுத்த கிழமை கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லுங்கோ."

"டேய், விரல் பத்தும் இருக்கோ எண்டு எண்ணிப்போட்டுக் கதை," என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அம்மா சொன்னது சரியா, வரதண்ணை சொன்னது சரியா என்பது எனக்குப் பெரிய யோசனையாகிவிட்டது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டிய கசெற்றை மாமா மறந்துபோனார். புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோதும் அது தொலைக்காட்சிக்கு மேலேயே கிடந்தது.

அதைப் போட்டேன். அந்த இடம் வரும்வரை ஓடவிட்டு, சத்தத்தை ஒரு மயிரளவு திருப்பி, காதை ஒலிபெருக்கியில் ஒட்டினேன். கேட்டது ஒரு பெண்ணின் ஒப்பாரி. "எங்களை விட்டிட்டுப் போயிட்டீங்களே" என்பது தெளிவாகக் கேட்டது. பிறகு ஒரு பிள்ளை "அப்பா, அப்பா" என்று கத்தியது. பெட்டியை நிற்பாட்டிவிட்டு, குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டி, அழுகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டேன். வரதண்ணை சொன்னதுதான் சரி. அம்மா பொய் சொல்லியிருக்கிறார். அப்படியானால் "அப்பா வருவார்" என்று அம்மா சொல்வது?

எவ்வளவு நேரம் அங்கே இருந்தேனோ தெரியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, தொலைபேசிக்கு மேலிருந்த தலையணை நிலத்தில் கிடந்தது.

தலையணை தானாக விழாது. தொலைபேசி அடித்திருக்கிறது, விடாமல், நெடுநேரம் அடித்து, அந்த அதிர்விலேயே தலையணை நழுவி விழுந்திருக்கிறது. ஒன்பது வயதில் என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. எடுத்துக் காதில் வைத்தேன். "கூ" என்ற ஒலி மட்டும் இருந்தது. சீலைக்குப் பின்னால் வரதண்ணையின் குறட்டை. மாமாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தலையணையை எடுத்துப் பழையபடி வைத்தேன்.

ஆறு மணிக்கு அம்மா சப்பாத்தைக் கழற்றுமுன்னமே, "போன் வந்ததோ பிள்ளை?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

வியாழன், வெள்ளி, சனி. ஒவ்வொரு நாளும் அம்மா கேட்டார். ஒவ்வொரு நாளும் நான் தலையாட்டினேன். தொலைக்காட்சியைத் தொடவில்லை. தலையணைக்குள் கையை விட்டுத் தொலைபேசியைப் பிடித்தபடி இருந்தேன். கண்ணை மூடினால், அப்பா எங்கோ ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் பனியில் நின்று, மணி அடிப்பதைக் கேட்டுக் கேட்டுக் களைத்து, மெதுவாக வைத்துவிட்டுப் போவது தெரிந்தது. ஒருக்காத்தான் எடுக்க விடுவார்கள். அந்த ஒருக்காலை நான் தொலைத்துவிட்டேன். இனி அப்பா எங்கே வந்து நிற்பார், யார் போய்க் கூட்டிவருவது? அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை, பிறகேன் சாப்பிடுகிறாய் இல்லை என்றார். சொல்லியிருக்கலாம். கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா புதுக் கசெற்றைப் போட்டார். அதில் ஒரு மனிதர் பெட்டியோடு ரயில் நிலையத்தில் நின்று, அங்குமிங்கும் பார்த்தார். சனங்கள் எல்லாம் போய், மேடை வெறுமையாகியது.

"ஆரைப் பாக்கிறார்?" என்று கேட்டேன்.

"கூட்டிக்கொண்டு போக ஆள் வரும் எண்டு பாக்கிறார்."

"வருவினமோ?"

"வருவினம். வராமல் விடுவினமோ?"

அவ்வளவுதான். அந்த வீட்டில் பகல் நேரத்தில் எழுந்த முதல் பெரிய சத்தம் என்னுடையது. "அப்பா எடுத்தவர்! நான் எடுக்கேல்லை! நான் படம் பாத்தனான்!" என்று கத்தி அழுதேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தவர், பாதியில் கையை நிற்பாட்டினார். எப்போது என்று கேட்டார். புதன்கிழமை, தலையணை, ஒலிபெருக்கி, குளியலறை எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னேன். அம்மா தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தார். அவர் அடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அப்போது சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "புதன்கிழமையோ?"

வரதண்ணை சீலையை விலக்கி எழுந்தார். பகலில் நுனிக்காலில் நடக்கிற மனிதர், மாமாவின் கதவில் இரண்டு கையாலும் அடித்தார். "சின்னவன்! டேய் சின்னவன்! எழும்படா! உன்ரை கனவை வந்து அக்காவிட்டைச் சொல்லு!"

மாமா சாரத்தைப் பிடித்துக்கொண்டு, சிவந்த கண்களோடு வந்து நின்றார்.

"என்ன கனவு?" என்றார் அம்மா.

"ஒண்டுமில்லையக்கா. புதன்கிழமை அத்தான் கனவிலை வந்தவர். ரெலிபோனிலை கதைச்சவர். நல்லாய்ச் சிரிச்சவர். தூரத்திலை இருக்கிற ஆள் கனவிலை சிரிச்சால் கூடாதெண்டு சொல்லுவினம். அதுதான் உன்னட்டைச் சொல்லேல்லை. இவனிட்டைத்தான் வேலையிலை சொன்னனான்."

வரதண்ணை பொலிஸ்காரரைப்போல நின்றார். "கனவிலை ரெலிபோன் எங்கை இருந்தது?"

"தலகணிக்குக் கீழை."

"தலகணியை என்ன செய்தனீ?"

"எடுத்து எறிஞ்சு..." மாமா நிலத்தைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா! அப்ப அது கனவில்லையோ?"

நான் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்த நேரத்தில், மாமா அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு எழும்பி, அரை நித்திரையில் வெளியே வந்து, தொலைபேசியை எடுத்து அப்பாவோடு பேசி, "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்று எல்லாவற்றுக்கும் சொல்லி, திரும்பிப் போய்ப் படுத்திருக்கிறார். எழும்பும்போது அது கனவாகிவிட்டது. சொன்னால் அக்கா பயப்படுவா என்று அவர் மறைத்தார். அடி விழுமென்றுகூட அல்ல, அப்பாவைத் தொலைத்தவள் ஆவேன் என்று நான் மறைத்தேன். அப்பாவோ செய்தி சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் இருந்தார். ஆகவே திரும்ப எடுக்கவில்லை.

"அவர் என்ன சொன்னவர்? யோசிச்சுச் சொல்லு," என்றார் அம்மா.

"திங்கக்கிழமை காலமை எண்டார். பாலத்தடிக்கு வா எண்டார். நான் ஊரிலை இருக்கிற பண்ணைப் பாலமெண்டு நினைச்சன். அங்கை ஏன் இந்த மனுசன் போகுதெண்டு கனவிலையும் யோசிச்சனான்."

"பண்ணைப் பாலமோ! பஃபலோப் பாலமடா," என்றார் வரதண்ணை. அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலர் அமெரிக்காவுக்குள் வந்து, பஃபலோவில் அந்தப் பாலத்தைக் கடந்துதான் கனடாவுக்குள் அகதியாக வந்தார்கள். இந்தப் பக்கத்தில் சொந்தக்காரர் வந்து நின்றால் நல்லது என்பார்கள்.

"எந்தத் திங்கள்?"

"நாளைக்குத்தானக்கா. வேறை எந்தத் திங்கள்?"

அம்மா எழும்பி மாமாவின் முதுகில் இரண்டு அடி போட்டார். இரண்டும் சத்தமாகவே விழுந்தன. பிறகு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் என் தலைமயிரைக் கோதினார்.

ஆனாலும் அது கனவேதானோ என்ற பயம் யாருக்கும் முற்றாகப் போகவில்லை. வரதண்ணை இரவல் வாங்கிவந்த காரில், ஹீற்றர் வேலைசெய்யாததால், போர்வைகளைச் சுற்றிக்கொண்டு நாங்கள் நால்வரும் போனோம். ஒன்பது மணிக்கே பாலத்தடிக் குடிவரவு அலுவலகத்தின் நீள மரவாங்கில் உட்கார்ந்துவிட்டோம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அம்மா எழும்பினார். பதினொரு மணி. பன்னிரண்டு மணி. மாமா, "கனவாயிருந்தால் என்னைக் கொல்லாதையக்கா," என்றார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மணிக்குச் சற்று முன்னர் கதவு திறந்தது. கையில் ஒரு பிளாஸ்ரிக் பையோடு, தனக்குப் பெரிதான ஒரு கோட்டுக்குள், அப்பா வந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன மனிதராக இருந்தார்.

என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் மாமாவோடுதான் பேசினார். "நீ கெட்டிக்காரனடா சின்னவன். நான் சொன்னதெல்லாத்தையும் எவ்வளவு வடிவாய்க் கேட்டனீ! எழுதி வைச்சனியோ?"

மாமா தன் சப்பாத்தைப் பார்த்தார். "எழுதினவன் அண்ணை," என்றார் வரதண்ணை, "தலகணியிலை."

இவை நடந்து முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. கசெற் வாடகைக்குக் கொடுத்த கடை இல்லை, கசெற்றே இல்லை. பகல் நித்திரைக்காரருக்காகச் சீலை கட்டிய ஹோல்களும் எங்கள் ஆட்களிடையே மெல்ல மெல்ல இல்லாமல் போயின. அவற்றை நினைத்து நான் ஏங்குவதில்லை. போனது நல்லது என்றுதான் இருக்கிறது. வரதண்ணை பிறம்ரன் நகரில் இரண்டு லொறிகளுக்குச் சொந்தக்காரர். பத்து விரல்களும் இருக்கின்றன. மாமா ஓய்வுபெற்று, இப்போது இரவில் நித்திரை வருகுதில்லை என்று குறைசொல்கிறார். நான் இன்றும் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் பிழை விட்டால் அதைச் சொல்ல நாலு நாள் எடுப்பதில்லை.

போன மாதம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வரதண்ணை சீட்டை மேசையில் அடித்து, மாமா களவு விளையாடுகிறார் என்று கத்தினார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு படியால் ஏறி இறங்கினார்கள். அம்மா அடுப்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி யாரையோ ஏசினார். நடுவில், சோபாவில், அப்பா வாயைத் திறந்தபடி நித்திரை. நான் பழக்கதோஷத்தில் பிள்ளைகளைப் பார்த்து, "மெல்ல, அப்பப்பா படுக்கிறார்," என்று சொல்லிவிட்டேன். என் பிள்ளைகளுக்கு அவர் அம்மப்பா. அப்பா வந்தபிறகு பிறந்த என் தம்பியின் பிள்ளைகளுக்குத்தான் அப்பப்பா. அவசரத்தில் எதையோ சொன்னேன். வீடு ஒரு கணம் அடங்கியது.

அப்பா உடனே கண் விழித்தார்.

"ஏன் நிப்பாட்டினவை?" என்றார். "விடு பிள்ளை. பாங்கொக்கிலை ஒரு அறைக்குள்ளை பத்துப் பேரை அடைச்சு வைச்சு, இருமவும் விடேல்லை அவங்கள். ஏழு மாசம் ஒரு சத்தமில்லை. அங்கை ஒரு நாளும் நான் வடிவாய் நித்திரை கொள்ளேல்லை."

இதை அவர் அதற்கு முன் ஒருபோதும் எங்களுக்குச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் போங்கள் என்று கையைக் காட்டினேன். அவர்கள் கூச்சலிட்டுக்கொண்டு படியில் ஏறினார்கள். வரதண்ணை ஒரு சீட்டைத் தூக்கி மேசையில் அறைந்தார். அப்பா நல்ல நித்திரை.